வகுப்புக்கே அக்கா

போன வருடம் ஜூனில் பள்ளி திறந்த நாள். பாளையங்கோட்டையில் என் இளைய மகள் படிக்கும் பள்ளி வாசலில், வேலைக்கும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். 

காரணம், என் மூத்த மகள். வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவள், கணக்கிலும் அறிவியலிலும் கோட்டை விட்டுவிட்டாள். இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் பத்தாம் வகுப்புக்குப் போக, தான் மட்டும் அங்கேயே உட்கார மாட்டேன் என்று ஒரே அழுகை. சரியென்று தங்கையின் பள்ளிக்கே மாற்றினோம். ஆனால் தங்கையும் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இருப்பதோ ஒரே பிரிவு!

"அங்கனயும் கேலி பண்ணுனா படிப்பையே விட்டுருவேம்மா" என்றாள் மூத்தவள். சொன்னால் செய்கிறவள். நான் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏட்டி, வகுப்புல அவள அக்கான்னு கூப்பிட்டுராத. பேரச் சொல்லு. அவ ஃபெயிலானது யாருக்கும் தெரியாண்டாம்" என்று சத்தியமே வாங்கிவிட்டேன்.

மதிய மணி அடித்ததும் மூத்தவள் வாசலை நோக்கி ஓடி வந்தாள். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பின்னாலேயே சின்னவள், "எம்மா, வாய் தவறி அக்கான்னு கூப்பிட்டுட்டேன்!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். டீச்சர் விசாரித்ததும் மூத்தவள் எழுந்து, தான் ஃபெயிலானதை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.  பிறகு முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அப்ப ஒங்களுக்கு இந்தப் பாடம்லாம் முன்னாடியே தெரியும்லா அக்கா?" என்று கேட்டாளாம்!

சின்னவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பட்டாளமே "அக்கா, அக்கா!" என்று கத்தியது. மூத்தவள் என்னைப் பார்த்து, "ஏம்மா இன்னும் இங்கன நிக்க? வீட்டுக்குப் போ. எனக்குச் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே குதிக்காத குறைதான். வாட்ச்மேன் அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் யாராவது சந்தேகம் கேட்டுவிடுவார்களே என்று பயந்தே வருடம் முழுக்கப் படித்தாள் மூத்தவள். இப்போது இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு.

ஃபெயிலான பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், அங்கே அவளை என்னவென்று கூப்பிடப்போகிறார்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.