கரண்டுக் கோழி

எங்கள் வீட்டில் ஒரு கோழி இருந்தது. கொத்தாது, கூவாது, குப்பையைக் கிளறாது. தேயிலைப் பெட்டிக்குள் ஒரு பல்பாக எரிந்துகொண்டிருக்கும். தெருவில் எல்லோரும் அதைக் கரண்டுக் கோழி என்றார்கள். "என்ன, ஒங்க கரண்டுக் கோழி அடையில இருக்கா, எந்திரிச்சிருச்சா?" என்று கடைக்கு வருகிறவர்கள் அப்பாவிடம் கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே பருப்பு நிறுப்பார். எனக்கு அப்போது எட்டு வயது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ் ஒரு நிமிடம் நின்று போகிற ஊர் எங்களுடையது. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த தேயிலைப் பெட்டி ஒன்றைத்தான் அத்தை கேட்டு வாங்கினாள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்து, அதற்குமேல் படிக்க அனுப்பாததால் வானொலியில் பண்ணைச் செய்திகளை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள். மதுரையில் ஆறு மாதம் விடுதியில் தங்கிக் கோழி வளர்ப்புப் பயிற்சி பெறலாம் என்று அதில்தான் கேட்டாள். போகவேண்டும் என்றாள். அதே மாதம் பந்தல்குடியிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரோட்டு மேலேயே லாரி டயர் கடை வைத்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத இடம். அதுதான் அத்தைக்குச் சங்கடமாகப் போயிற்று.

நான்கு நாள் சோறு வேண்டாம் என்று படுத்துக் கிடந்தாள். ஐந்தாம் நாள் அப்பா இறங்கி வந்தார். "சரித்தா. கோழி இல்லாம குஞ்சு பொரிக்கலாம்னு ரேடியோவுல சொல்றாகன்னியே, பொரிச்சுக் காட்டு. பொரிச்சா மதுரைக்கு நானே கொண்டுபோய் விடுறேன். இல்லன்னா பந்தல்குடிக்காரவுகளுக்குச் சரின்னு சொல்லணும்." அப்பா கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை. அதனால்தான் நடக்கவே நடக்காது என்று நினைத்த காரியத்துக்கு அவ்வளவு எளிதாக வாக்குக் கொடுத்தார்.

அத்தை பெட்டியின் உட்புறம் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டினாள். டவுனில் டிவி விற்கும் கடையில் கேட்டு வாங்கி வந்தது. உடைந்த போட்டோச் சட்டத்தின் கண்ணாடியை முன்பக்கம் பதித்தாள். அடியில் ஒரு தட்டில் தண்ணீர், அதன்மேல் கம்பி வலை, வலைமேல் உமி. பள்ளிக்கூட அறிவியல் வாத்தியாரிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரில் நூறு டிகிரி பாரன்ஹீட் இருக்கும் இடத்தில் சிவப்பு நூலைக் கட்டினாள். பாதரசம் அந்த நூலை விட்டு நகரக்கூடாது.

பல்புதான் படுத்தி எடுத்தது. அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மோட்டார்கள் முறை வைத்து இரவும் பகலும் ஓடும். மிளகாய்க்கும் பருத்திக்கும் போனது போக மிச்சக் கரண்டுதான் வீடுகளுக்கு. எங்கள் ஊர் பல்புகள் பழுத்த எலுமிச்சை நிறத்தில்தான் எரியும். அதுதான் பல்பின் நிறம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நாற்பது வாட்ஸ் போட்டாள், பெட்டி சூடேறவில்லை. அறுபது போட்டாள், போதவில்லை. நூறு வாட்ஸ் போட்டதும் பாதரசம் ஏறிவந்து நூலில் நின்றது. அன்று அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இருபத்துநான்கு நாட்டுக்கோழி முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி. காலையில் வட்டம் மேலே, உச்சிவேளையில் பெருக்கல் மேலே, மாலையில் மறுபடி வட்டம், மறுநாள் பெருக்கலில் தொடங்கும். கோழி தன் அலகால் செய்கிற வேலையை நாங்கள் பென்சிலால் செய்தோம். அம்மாவுக்கு இதிலெல்லாம் ஒரு குறைதான். முட்டை அடை வைத்தால் இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் கூடவே வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை வைக்க மறுத்துவிட்டாள். "பொரிச்சா, இரும்புதான் காப்பாத்துச்சுன்னு சொல்வீக மதினி" என்றாள்.

ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையாக டார்ச் லைட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பு நூல்கள் கிளை கிளையாக ஓடின. மூன்றில் மட்டும் ஒன்றுமில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். அதற்கப்புறம் யாராவது கரண்டுக் கோழியைப் பற்றிக் கேட்டால் அவர் சிரிக்கவில்லை.

பதினேழாம் நாள் அத்தை பயிற்சியில் சேரக் கேட்டிருந்த வருமானச் சான்றிதழ் வாங்கத் திருச்சுழிக்குப் பஸ் ஏறினாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது. "உச்சிக்குத் திருப்பி வச்சிரு பாப்பா. அப்பப்ப நூலப் பாத்துக்க. கீழ எறங்குனா மதினிட்டச் சொல்லு" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள். மேலே ஏறினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கரண்டு மேலே ஏறும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

உச்சியில் திருப்பி வைத்தேன். சற்றைக்கெல்லாம் மழை வந்தது. அந்த வருடத்தின் முதல் மழை, அதுவும் இடியோடு கொட்டிய மழை. தெருவே வெளியில் வந்து நின்றது. காட்டுக் கிணறுகளில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட, அந்தக் கரண்டெல்லாம் வீடுகளுக்கு வந்தது. வழக்கமாக முதல் இடிக்கே போய்விடுகிற கரண்டு அன்று பார்த்துப் போகவில்லை. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடும்போது பெட்டியைப் பார்த்தேன். பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நூலைப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பும் வந்தது. தெருவில் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். போய்விட்டேன்.

அத்தை சாயங்காலம் நனைந்துபோய் வந்து பெட்டியைத் திறந்தபோது பாதரசம் நூலைத் தாண்டி எங்கேயோ இருந்தது. பல்பைப் பிடுங்கினாள், முட்டைகளை முறத்தில் வைத்து விசிறினாள், அப்புறம் நாற்பது வாட்ஸ் மாட்டினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா மட்டும், "இடி எறங்கிருச்சு, ஒரு இரும்பு வச்சிருக்கலாம்ல" என்று பலமுறை சொன்னாள்.

இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அத்தை காதை முட்டையில் வைத்து வைத்துக் கேட்டாள். இருபத்துநான்காம் நாள் காலையில் அப்பாவிடம் வந்து நின்றாள். "எம் பெட்டியில கோளாறு இல்லண்ணே. மழ வந்தன்னைக்கு வரைக்கும் உசுரு இருந்திருக்கும். என்னால ஒடைக்க முடியல. நீங்களே ஒடைச்சுப் பாருங்க. முழுக் குஞ்சா இருந்துச்சுன்னா எனக்கு இன்னொரு தடவ குடுங்க." அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் உடைமரத்தடியில் குழி வெட்டினார். கூடையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். முதல் முட்டையைக் கல்லில் மெல்லத் தட்டினார். உள்ளே கழுத்தை மடக்கிக்கொண்டு ஒரு குஞ்சு இருந்தது. கறுப்பு மயிர் உடம்போடு ஒட்டியிருந்தது. அலகு, நகம், மூடிய கண், எல்லாம் இருந்தது. அடுத்ததிலும் குஞ்சு. அதற்கடுத்ததிலும். ஆறாவதை உடைத்ததும் அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை உடைக்காமலே குழியில் போட்டு மூடினார்.

"அத்தைட்டச் சொல்லாத. பாவம், தாங்க மாட்டா" என்றார். வீட்டுக்குள் போய், எல்லாம் கூமுட்டை, நரம்பு ஓடியதோடு சரி, இரண்டாம் வாரத்திலேயே அழுகிப்போயிருக்கிறது என்று சொன்னார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தங்கையை நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் சொன்னார் என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன். கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஆனால் அன்று எனக்கு வந்தது நிம்மதி. மழை வரும்வரை குஞ்சுகள் உயிரோடு இருந்தன என்றால், அவற்றைக் கொன்றது தெருவில் ஆடப்போன நான்தானே. இரண்டாம் வாரத்திலேயே அழுகியது என்றால் என்மேல் பழியில்லை. அப்பா அத்தைக்காகச் சொன்ன பொய்யில் எனக்கும் ஒதுங்க இடம் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். என் முன்னால் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"நீ பாத்தேல்ல பாப்பா? உள்ள என்ன இருந்துச்சு?"

நான் தயங்கவே இல்லை. "தண்ணி அத்தே. நாத்தத் தண்ணி."

"மயிரு, அலகு, எதுவும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல அத்தே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிறுபிள்ளை, பொய் சொல்லமாட்டேன் என்று நினைத்திருப்பாள். ஓர் ஆளின் சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது என்றுதான் இன்னொரு சாட்சியிடம் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. "அப்ப சரி" என்று எழுந்தாள். அடுப்படியில் அம்மாவிடம், "பந்தல்குடிக்காரவுகள வரச் சொல்லுங்க மதினி" என்று அவள் சொன்னது கொல்லை வரைக்கும் கேட்டது.

அத்தையின் மனசு ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.