தம்பிக்கு நான் எடுத்த பாடம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு மாதம், இருபத்தாறு வயது என் தம்பி திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டான். தேத்தண்ணியும் பாண் துண்டின் மெத்தென்ற நடுப்பகுதியும் மட்டும்தான் இறங்கும். இரண்டு வாரத்தில் கழுத்தெலும்பு துருத்தியது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கேள்வியையே என் குரலில் திருப்பிச் சொல்வான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். அதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பதே, எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாதம் ஒருமுறை வந்த டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர். தம்பி போன்ற பெரியவர்களுக்கென்று ஒரு முழு உடல் பரிசோதனையை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாளை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் வராதாம்.

பயம் எனக்கு வந்தது. பதில் பிழையாகப் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்களோ? நோயையும் கண்டுபிடிக்க வேண்டும், அவனையும் கொண்டுபோகக் கூடாது. நான் ஏ.எல். பரீட்சை வரை படித்தவள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில், பாஸ் பேப்பர் என்று பழைய வினாத்தாள்களை உருப்போடும் வழியில், இறங்கினேன். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆறு நாள் பாடம் எடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: "இல்லைங்க டாக்டர்." சரியாகச் சொன்னால் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். மற்றதை டாக்டரம்மா தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"தலை இடிக்குதோ?" என்று பரிசோதனை நாளில் தம்பியைக் கேட்டார் டாக்டரம்மா.

"இல்லைங்க டாக்டர்."

"வயிறு நோகுதோ?"

"இல்லைங்க டாக்டர்."

"உங்கட அக்கா நல்லவவோ?"

"இல்லைங்க டாக்டர்."

டாக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தாளைத் தம்பியிடம் நீட்டினார்.

"இப்ப நீங்கள் கேளுங்கோ. நான் பதில் சொல்லுறன்."

தம்பிக்குத் தாளே தேவைப்படவில்லை. அப்படியே என் குரலில், என் அவசரத்தில் தொடங்கினான்: "பல்லு வலிக்குதா? இல்லைங்க டாக்டர்னு சொல்லு. சொல்லுடா கண்ணு, சொன்னாத்தான் பிஸ்கட். ஐயோ கடவுளே, இவனைக் கொண்டுபோயிட்டா நான் என்ன செய்வேன்!" கடைசியில் நான் மூக்கை உறிஞ்சியதைக்கூட விடவில்லை.

மருந்து கொடுக்கும் ஐயா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

"பாஸ் பேப்பர் செய்விச்சனீர் போல," என்றார் டாக்டரம்மா. "இது சோதினை இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் அவரைக் கொண்டுபோகமாட்டினம்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. மடியில் குழந்தை விழித்துக்கொண்டது.

டாக்டரம்மா தன் வாயை அகலத் திறந்து, டோர்ச்சைத் தம்பி கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு என் வாய். சொத்தைப் பற்களை எண்ணி, "ரெண்டு" என்று அறிவித்தான். குழந்தையின் வாயையும் விடவில்லை. "பல்லு இல்லைங்க டாக்டர்." முதல் உண்மையான பதில். பிறகு டோர்ச்சை அவரிடமே கொடுத்துவிட்டு, தன் வாயைத் திறந்தான். கீழ்க் கடைவாயில் ஒரு பல் கன்னங்கரேலென்று இருந்தது. சுற்றிலும் ஈறு வீங்கிக் கிடந்தது.

அதைத்தான் ஆறு நாளும் பிஸ்கட் கொடுத்து மறைத்திருக்கிறேன். டாக்டரம்மா தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'வீட்டார் பதில் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.'

பண்டாரவளை ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிய நான்காம் நாள், தேங்காய்ச் சம்பல் தொட்டு மூன்று ரொட்டி சாப்பிட்டான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான்காவது ரொட்டி கருகிவிட்டது. அதையும் தின்றான்.