முத்திரை இல்லாமல் போகவேண்டிய குழாய்

தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் பில்லுக்கு முத்திரை குத்துவது நல்லசிவத்தின் உத்தியோகம். இருபத்தாறு வருடங்களாக அவர் பிரித்துப் பார்க்காமல் ஒரு கைக்குட்டைகூட உஸ்மான் சாலையைக் கண்டதில்லை. முதலாளியின் சம்பந்தியம்மாளே ஒருமுறை, "உள்ள ரெண்டு ஜாக்கெட் துணிதான்" என்றார்.

"இருக்கும்மா. பிரிங்க, பாத்துக்கிடுதேன்."

அப்பேர்ப்பட்டவருக்குப் பித்தநாளத்தில் கல். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய் வழியாக எண்டோஸ்கோபி விட்டு எடுத்தார்கள். அந்தப் பக்கம் போய்வந்தாலே சிலருக்குக் கணையம் கோபித்துக்கொண்டு வீங்கிவிடுமாம். ஐசியு வரை இழுத்துவிடுமாம். சமாதானத்துக்குக் கணைய நாளத்தில் அரை விரல் நீள பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகக் குடிவைத்தார்கள்.

"சில நாள்ல தானா நழுவி மலத்தோட போயிடும் சார்" என்றார் நர்ஸ் அல்போன்சா. "பத்தாம் நாள் எக்ஸ்ரே. உள்ளயே இருந்தா மறுபடி வாய் வழியா விட்டு எடுத்துடணும். அப்படியே விட்டா அதுவே கணையத்தைக் கெடுத்துடும்."

நல்லசிவத்தின் காதில் 'மறுபடி வாய் வழியா' மட்டும் தங்கியது.

பத்தாம் நாள் ஆடித் தள்ளுபடி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுநாள் காலை அல்போன்சாவிடமிருந்து போன் வந்தது.

"அது போயிட்டு சிஸ்டர்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்? வயிறு லேசா இருக்குல்லா."

"இருக்கும் சார். வாங்க, படம் எடுத்துப் பாத்துக்கிறோம்."

அந்தத் தொனியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நல்லசிவம் யோசித்தார். ஸ்பீக்கரில் கேட்டபடி இட்லித் தட்டோடு நின்ற மனைவி சீதாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஊர்ப்பட்ட பையெல்லாம் பிரிச்சுப் பாக்குற மனுசன், தன் வயித்துக்கு மட்டும் பாக்காமலே முத்திரை குத்துதாரு" என்றவள், போனை வாங்கி, "இப்பவே கூட்டியாரேன் சிஸ்டர்" என்றாள்.

படத்தில் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடாக, வைத்த இடத்திலேயே இருந்தது குழாய். வாடிக்கையாளர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நல்லசிவம் ஒன்றும் பேச மாட்டார். முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அல்போன்சாவும் அவ்வளவுதான்.

மறுநாள் வாய் வழியாகவே எடுத்தார்கள். கணையத்துக்குச் சேதமில்லை என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் நல்லசிவம், "எங்க, காட்டுங்க" என்றார். கிண்ணத்தில் கிடந்ததைச் சாய்த்து இருபுறமும் பார்த்தார். உருப்படி ஒன்று. கிழிசல் இல்லை.

தலையசைத்தார். வலது கை தானாகச் சட்டைப்பையில் முத்திரையைத் தேடியது. ஆஸ்பத்திரி அங்கியில் பை வைத்துத் தைப்பதில்லை.