வலிக்காத கால்

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் சேர்ந்து எனக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை, பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா வந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் சுமப்பவர். அசதியாக இருக்கிறது என்று சொன்னதால், சர்க்கரையோடு வெள்ளை அணுக்களையும் எண்ணும்படி டாக்டர் எழுதியிருந்தார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்து போவதாக வேண்டுதலாம். ரத்தம் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. இயல்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காய்ச்சலே இல்லாதவருக்கு இப்படி இருக்குமா? நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் எண்ணினேன். மாற்றமில்லை. டாக்டரிடம் ஓடினேன்.

"எங்கயோ சீழ் புடிச்சிருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்குச் சில சமயம் காய்ச்சல்கூட வராது. மொதல்ல காலத்தான் பாக்கணும். அந்தம்மா எங்க?" என்றார்.

ஏலாக்குறிச்சிக்குப் போகும் வழியில் செல்லும் அடுத்த திருமானூர் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் நின்று சாலையையே பார்த்துக்கொண்டு போனேன். கீழப்பழுவூருக்குச் சற்று முன்னால் நாலைந்து பெண்களோடு அவர் நடந்துகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. வேண்டுதல பாதியில வுட்டுட்டு வரமாட்டேன்" என்று நடையைக் கட்டினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். திட்டினாலும் சரி, பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலில், விரல்களை ஒட்டி, ஒரு கருவேல முள் முழுதாக ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்துச் சீழ் கசிந்தது. அந்த இடத்தையே அழுத்தினேன்.

"வலிக்குதாம்மா?"

"எங்க அழுத்துறீங்க?"

கேட்டுவிட்டுத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதன் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் இருவரும் ஏறினோம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. சில மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தவர், "மீதி தூரத்த பஸ்ல போயி முடிச்சிட்டேங்க. மாதா ஒண்ணும் சொல்லல" என்றார்.

அதற்கப்புறம் பல வருடம் அந்த வேலையில் இருந்தேன். ஒருவருக்கே தெரியாததை அவர் ரத்தம் சொல்லும்போது, அதை எழுதி வைப்பது மட்டுமல்ல, அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலைதான் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.