அக்காவின் ஒரே ஏற்றுமதி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்கா பூட்டித் தந்த கிரைண்டரில் இன்றும் மாவாட்டிக்கொண்டிருக்கும் அத்தனை வீட்டாருக்கும் பணிவான வணக்கம். உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நினைவு மலர் என்றால் படிப்பவர் கண் கலங்க எழுத வேண்டும் என்பது வழக்கம். அக்காவை நினைத்து எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது பேராவூரணிக்குக் கிழக்கே, கடைமடையில். மேட்டூர் திறந்து, ஊர் உலகமெல்லாம் நாற்று விட்ட பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும். அதனால் எங்கள் பக்கத்து மனிதர்களுக்குப் பொறுமை பிறவிக் குணம். அக்காவுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. அப்பாவின் பம்புசெட் மோட்டார் எரிந்து, செம்புக்கம்பிக் காயில் கட்டக் கொடுத்த கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தபோது, பத்தாம் வகுப்பு முடித்திருந்த அக்கா அந்தக் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். மோட்டார் சரியாகி வீடு வந்தது. அக்கா வரவில்லை. தொழிலை முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழுந்து வந்தார்.

அத்தானைக் கைப்பிடித்த மறு வருஷமே அத்தான் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். எங்கள் மாவட்டத்திலிருந்து வெளியே போவதில் முதலாவது நெல், இரண்டாவது மாப்பிள்ளை. அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கைக்குழந்தையோடு இருந்துகொண்டே, பழைய தேங்காய்க் கிடங்கு ஒன்றில் டேபிள் டாப் கிரைண்டர் பூட்டும் பட்டறை தொடங்கினார். மோட்டாரும் கல்லும் கோயம்புத்தூரிலிருந்து வரும். பூட்டுவது எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். தேங்காய்க்குப் பேர்போன பேராவூரணிக்காரர் ஆயிற்றே, தேங்காய் துருவுவதற்கும் ஒரு பாகம் சேர்த்துக் கொடுத்தார். அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் மாதங்களில் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. செய்தித்தாளில் வணிகப் பக்கத்தை மட்டும் படிப்பார். நாட்டில் வீட்டு உபயோகப் பொருள் உற்பத்தி ஏறுகிறதா இறங்குகிறதா, எது எந்த நாட்டுக்குக் கப்பலேறுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. படித்ததை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில் அழுதுகொண்டிருந்த அம்மாளின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, அடுக்களையைப் பார்த்து, அந்த மிக்ஸி உள்நாட்டில் செய்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று விசாரித்தவர் அவர். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கனடாவில் கொடுத்தபோது நல்ல ஏற்றுமதி என்று வாழ்த்தினார். என் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனபோது, சரக்கு திரும்பி வருமா என்று என்னைக் கேட்டார். மின்சாரத் துறையில் வேலை பார்த்த பாவத்துக்கு, கரண்ட் போகும்போதெல்லாம் நாட்டின் உற்பத்தியைக் கெடுத்தவன் என்ற பட்டமும் எனக்குத்தான்.

பிறகு அரசாங்கம் வீட்டுக்கு வீடு விலையில்லாமல் கிரைண்டர், மிக்ஸி, மின்விசிறி கொடுத்த காலம் வந்தது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். அக்காவின் பட்டறை ஈ ஓட்டியது. சும்மா கிடைத்தது வீட்டில் இருக்கும்போது காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? பட்டறையை மூடிவிடுங்கள், அத்தான் அனுப்புவது போதாதா என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"தம்பி, ஏசி, பிரிட்ஜ் எல்லாம் நம்ம நாட்டுலயே செஞ்சு கப்பல்ல ஏத்துறாங்களாம். நாமதான் இன்னும் ஆளையே ஏத்திக்கிட்டிருக்கோம். நான் கிரைண்டரை அனுப்பி உங்க அத்தானை வரவழைக்கப் போறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை வருஷம் வணிகப் பக்கத்தில் அக்கா என்ன தேடிக்கொண்டிருந்தார் என்று. அத்தான் ஞாயிறுதோறும் பேசுவார். வீடு கட்டி முடியட்டும் வருகிறேன் என்றார். வீடு முடிந்தது. பிள்ளை படித்து முடிக்கட்டும் என்றார். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். இங்கே நிலையான வருமானம் ஒன்று இருந்தால்தான் அவர் வருவார் என்பது அக்காவின் கணக்கு.

சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த நம் பக்கத்துக்காரர் ஒருவர், தீபாவளிக்குள் சரக்கு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா அந்த ஊருக்கு ஏற்றபடி பிளக்கை மாற்றினார். பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்தார். ஒன்றில்தான் கடைமடைப் புத்தி குறுக்கே வந்தது. தெர்மோகோல் வாங்கச் சொன்னதற்கு, மண்பானையே வைக்கோலில் வைத்தால் உடையாமல் சந்தைக்குப் போகிறது, கல்லுக்கு என்ன கேடு என்று கேட்டார். அத்தான் பங்கு வயலில் அறுத்த சம்பா வைக்கோலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கிரைண்டரையும் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதுபோல் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். லாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தெருவே கூடித் தூத்துக்குடிக்கு வழியனுப்பினோம். நெல்லைத் தவிர எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிய முதல் சரக்கு அது என்று பஞ்சாயத்துத் தலைவர் பேசினார். உண்மையில் வைக்கோலும் போயிருந்தது.

வினை அதில்தான் வந்தது. வைக்கோலில் பூச்சி இருக்கும், உள்ளே விட முடியாது என்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். யாராவது வந்து ஒரு துரும்பு மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு வேறு பெட்டியில் கட்ட வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் அழிக்கப்படும் என்று தகவல். மளிகைக்காரர் கையை விரித்தார். அத்தான் கப்பல் பட்டறையில் லீவு சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். அந்த ஞாயிறு அவரிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. சரக்கைப் பற்றித்தான் கவலை என்று அக்கா சொல்லிக்கொண்டார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் பட்டுக்கோட்டை பஸ்ஸிலிருந்து அத்தான் பெட்டியோடு இறங்கினார். கிரைண்டர்கள் பிழைத்து, விற்றும் போயிருந்தன. வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னார். மளிகைக்காரர் இன்னொரு லோடு கேட்டபோது அக்கா மறுத்துவிட்டார். எதுக்கு, வரவேண்டியது வந்தாச்சு என்றார். ஆனால் அவர் மனதில் ஒரு முள் தங்கிவிட்டது. என் வைக்கோலுக்காக லீவு போட்டு இவர் வேலை போச்சே என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லி வருந்தியிருக்கிறார். அத்தான் முன்னால் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இலவசமாக வந்த கிரைண்டர்கள் தேயத் தேய, உள்ளூர் வியாபாரம் மெல்லத் திரும்பியது. அத்தான் கல்லாவில் உட்கார்ந்தார். அக்கா அவரை நாள் முழுதும் அதட்டினார். பார்க்க நன்றாக இருந்தது.

சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் அக்காவைத் தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கும் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியில் காயில் சரியில்லை என்று நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலைப்பொழுதில், நானும் அருகில் இருக்கும்போதே, அத்தான் கையைப் பிடித்து, உங்க வேலையைக் கெடுத்துட்டேங்க, மன்னிச்சிடுங்க என்றார்.

அத்தான் அக்காவின் கைமேல் தன் மறுகையை வைத்தார். பிறகு சொன்னார்: "என்னை யாரும் வேலைய விட்டு அனுப்பல. நானாத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்த ஆபீசரு ஒவ்வொரு பொட்டியா தொறக்கச் சொன்னாரு. தொறந்தா, நம்ம வயக்காட்டு வாசம். ரெண்டாவது பொட்டிக்கு மேல என்னால முடியல, கீழ உக்காந்துட்டேன். மாட்டுக்கு வைக்கோலைக் காட்டுனா அது வீட்டுக்கு வராம என்ன செய்யும்?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்த லோடு நஷ்டமில்லைன்னு சொல்லுங்க" என்றார். சிரித்தார். நாங்கள் இருவரும்தான் அழுதோம். நான்காம் நாள் அக்கா இறைவனடி சேர்ந்தார்.

இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், சொந்தத் தாயைப்போல் தூக்கிக் கிடத்திய பட்டறைப் பெண்களுக்கும், அக்காவின் மகளுக்கும் மருமகனுக்கும், சோறு தண்ணீர் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் தெரியாது, இந்த மலர் அவர் கைக்குப் போகப்போவதும் இல்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அன்று பணியிலிருந்த அந்த அதிகாரி கொஞ்சம் மனமிரங்கிப் பெட்டிகளைத் திறக்காமலே விட்டிருந்தால், என் அக்கா கடைசிவரை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்திருப்பார். ஐயா, நீங்கள் கண்டிப்பாக இருந்ததற்கு நன்றி.