செபஸ்தி மேடத்தின் சிவப்பு வரிகள்

“அசையாதீக. மூச்சக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.”

இதைச் சொல்லாமல் செபஸ்தியம்மாள் லேசரைப் போட மாட்டாள். மாணவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். விளக்கு அணையும். எதிரே இருக்கும் வெள்ளைத் திரையில் சிவப்பும் கறுப்புமாக, கோடு போட்ட சேலையை விரித்த மாதிரி வரிகள் விழும். எவனாவது காலை மாற்றி வைத்தால் போதும், வரிகள் நடுங்கும். “யாருப்பா அது, ஆட்டமெல்லாம் வீட்ல போயி ஆடிக்கங்க” என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தினால் அதற்கும் வரிகள் நடுங்கும்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் இயற்பியல் விரிவுரையாளர். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறைதான் அவளுடைய ஆய்வகம். லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் அடித்துத் திருப்பி, மறுபடி ஒன்றாகச் சேர்த்தால் இந்த வரிகள் வரும். கண்ணாடி மயிரிழையில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் வரிகள் ஓடிவிடும். அதற்காக ஆற்று மணல் நிரப்பிய கனத்த மேசை ஒன்று செய்து வைத்திருந்தாள். அப்படியும் வராந்தாவில் ஒரு ஆள் நடந்தால் திரைக்குத் தெரிந்துவிடும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கட்டிடமே அதிரும். அவளும் கடையைக் கட்டிவிடுவாள்.

ராயப்பன்பட்டிக்காரி. முப்பத்தேழு வயது. முன்நெற்றி முடியில் எப்போதும் சாக்பீஸ் தூள். டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு, உள்ளே டீ அலையாமல் நிற்கும்வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பம் ரோட்டில் பஸ்ஸுக்கா பஞ்சம்? ஒன்று போனதும் இன்னொன்று வந்து கிளாஸை அதிர வைக்கும். டீ ஆறிப்போகும். கடைக்காரர் பாவம், அவளுக்கு மட்டும் இரண்டு முறை சுட வைப்பார்.

கணவர் எட்வின் அதே கல்லூரியில் மின் பிரிவில் வேலை பார்த்தார். சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போன மனிதர். வலது காலை அழுத்தி ஊன்றுவார், இடது கால் பின்னால் இழுபடும். சாயங்காலம் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். அவர் வராந்தாவில் திரும்பும்போதே திரையில் ஒரு பெரிய உதறல், அதன் வாலில் ஒரு சின்ன இழுப்பு. மறுபடி உதறல், மறுபடி இழுப்பு. “வந்துட்டாரு எங்க வீட்டுக்காரரு, லேட்டாத்தான்” என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு தட்டப்படும். மாணவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில், ஒரு மழைநாளில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம். மாணவர்கள் கிளம்பிப் போய்விட்ட ஒரு சாயங்காலம், வரிகளைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய உதறல். ஒரு சின்ன இழுப்பு. மறுபடி உதறல், இழுப்பு. வரவர அது கூடிக்கொண்டே வந்து, கதவுப் பக்கம் வந்ததும் நின்றது. வரிகள் அமைதியாயின. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வராந்தா காலி. சிமெண்ட் தரையில் வெயில் சாய்ந்து கிடந்தது.

பயந்தாளா என்றால், பயந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. வழக்கம்போல் நேரம் தவறித்தான் வந்தது. அப்புறம் பயம் போய்க் கோபம் வந்தது. “செத்த பெறகாவது நேரத்துக்கு வரக் கூடாதா?” என்று கதவைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, வெகுநேரம் அழுதாள்.

துறைத் தலைவர் திலீபன் ஒருநாள் இதைக் கண்ணால் பார்த்தார். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து மோட்டார்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். தோட்டக்காரரிடம் பேசி மோட்டாரை நிறுத்தவும் வைத்தார். மோட்டார் நின்ற அன்றைக்கும் வரிகளில் அந்த நொண்டி நடை வந்து கதவருகே நின்றது. அதற்குப் பிறகு அவர் சாயங்காலத்தில் அந்தப் பக்கம் வருவதில்லை. கூட்டுகிற சுப்புத்தாய் அதற்கும் முன்பே வருவதை நிறுத்திவிட்டாள். “அங்கன யாரோ வழி மறிச்சு நிக்கிற மாதிரியே இருக்கு மேடம்” என்று விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாளாம்.

இரண்டாயிரத்து எட்டு தை மாதம் கல்லூரியில் ஒரு சர்வதேச மாநாடு கூட்டினார்கள். போட்டானிக்ஸ், அதாவது ஒளியை வேலை வாங்கும் விஞ்ஞானம். அதில் ஆராய்ச்சி, அதை வைத்து வேலைவாய்ப்பு. வாசலில் ஆளுயரத்துக்கு மேல் பேனர், விருந்தாளிகளுக்கு ஏலக்காய் மாலை, தட்டுத் தட்டாகப் பன்னீர் திராட்சை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண் பேராசிரியர் தன் ஆய்வகத்தில் முனைவர் படிப்புக்கு ஒரே ஒரு ஆளை எடுக்கப்போவதாகப் பேச்சு. இந்த வரிகளைப் பற்றிச் செபஸ்தி எழுதிய கட்டுரையைப் படித்திருந்தார். நேரில் வரிகளைப் பார்க்க வேண்டும், ஆடாமல் நின்றால் இடம் அவளுக்குத்தான் என்று சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட முனைவர் படிப்பு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். இந்த ஒரு வாய்ப்பை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அவள் அதற்கு ஆசைப்பட்டாள், அப்படி ஆசைப்பட்டாள்.

சின்னமனூர் பஞ்சர் கடையில் பழைய லாரி ட்யூப் நாலு வாங்கிவந்து, காற்றடித்து, மாணவர்களைக் கொண்டு மணல் மேசையை அதன்மேல் தூக்கி வைத்தாள். கிணற்றில் நீச்சல் பழகவா என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவைத்தாள். சுப்புத்தாயைக் கெஞ்சிக் கூத்தாடி, வராந்தாவில் தொம்தொம்மென்று நடக்கவிட்டுப் பார்த்தாள். வரிகள் அசையவில்லை. ட்யூப் எல்லா அதிர்வையும் குடித்துவிட்டது. அப்படியும் மனசு கேட்கவில்லை. மாநாட்டுக்கு முந்தின நாள் கதவைத் திறந்துவைத்து, வெறும் வராந்தாவைப் பார்த்துச் சொன்னாள்:

“நாளைக்கு ஒரு நா மட்டும் வராதீக. வெளிநாட்டுக்காரவுக வாராக. எனக்கு இந்த எடம் வேணும்.”

மறுநாள் சாயங்காலம் அந்தச் சின்ன அறையில் விருந்தாளிகள் நெருக்கியடித்து நின்றார்கள். விளக்கு அணைந்தது. வரிகள் சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரி நின்றன. பேராசிரியர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எட்வின் வரும் நேரமும் வந்து, கடந்தும் போனது. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, செபஸ்தி மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வந்ததும் பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாளைக் காலையில் தேர்வுக் குழுவும் ஒருமுறை பார்த்துவிட்டால் கையெழுத்துதான் பாக்கி என்றார். திலீபனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசையை ஒரு விரலால்கூடத் தொட்டுவிடக் கூடாது, கண்ணாடி ஒருமுறை நகர்ந்துவிட்டால் திரும்பச் சரிசெய்ய முழுநாள் ஆகும் என்று அவளுக்குத் தெரிந்ததையே அவளுக்குச் சொல்லிவிட்டு, விருந்தாளிகளைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார்.

அவள் போகவில்லை. கதவை விரியத் திறந்தாள். “எல்லாரும் சாப்பிடப் போயிட்டாக. இனி வரலாம்” என்றாள்.

வரிகள் அப்படியே நின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பந்தியில் யாரோ மைக்கில் நன்றி சொல்வது தூரத்தில் கேட்டது. வரிகள் நின்றுகொண்டே இருந்தன. அத்தனை அசையாத ஒன்றை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. சவப்பெட்டியில் எட்வின் முகத்தைப் பார்த்தபோதுகூட அப்படித் தோன்றவில்லை. வாசலில் வந்து நிற்கிற மனுசனைத்தான் ட்யூப் காட்டாமல் மறைக்கிறதா? இல்லை, சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டாரா? ட்யூபில் காற்று இருக்கிறவரை இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

செபஸ்தி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையடியில் மண்டியிட்டாள். முதல் ட்யூபின் வால்வு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த ஊசியை நகத்தால் அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடிகள் விலகித் திரையிலிருந்த வரிகள் கலைந்துபோயின. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த ட்யூபுக்கு நகர்ந்தாள்.