பாய்லர் அக்காவின் ஈரத்துணி

"பணியாளர்களிடம் கடுமையாக நடந்துகொள்பவர். மகிழ்ச்சியான பணிச்சூழலை உருவாக்கும் திறன் குறைவு." மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரைப் பற்றி அலுவலகக் கோப்பு இப்படிச் சொன்னது. முதல் வாக்கியத்தில் பிழை இல்லை. அவரை எல்லோரும் பாய்லர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைப் பிரிவில் ஏற்கெனவே ஒரு பாய்லர் இருந்தது. இரண்டில் அது கொஞ்சம் சாது.

அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத கூடம். காலையில் உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்பது சாயங்காலம்தான் தெரியும். நீராவி, சோப்பு நெடி, மலைபோல் படுக்கை விரிப்புகள். உலர்த்துவதற்குப் பெரிய டிரையர் உண்டு. ஆனால் தினமும் ஒரு கூடை ஈரத்துணி மட்டும் அதில் இடமில்லாமல் மிஞ்சிவிடும். நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவார்கள்; பின்னால் அக்கா விரட்டிக்கொண்டே ஏறுவார்.

மேலே அவருக்கென்று ஒரு சட்டம். துணியை உதறிக் கொடியில் போட்டு முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் நேற்றிலிருந்து நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "ஒண்ணுமில்லக்கா" என்பது செல்லாது. மாமியார் பேச்சுக்கும் தடை.

"பஸ்ல உக்கார எடம் கெடைச்சுது."

"சரி. அடுத்து?"

"என் மாமியார் ஊருக்குப் போயிட்டாங்க."

"மாமியார் பேச்சு கூடாதுன்னேன்ல."

"இது மாமியார் பேச்சு இல்லக்கா, நல்ல விஷயம்."

அக்கா யோசித்து அனுமதித்தார். அவர் முறை வந்தபோது, "இன்னைக்கு நான் யாரையும் திட்டல" என்றார்.

"இன்னும் பத்தரைகூட ஆகலியேக்கா."

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. கீழே இறங்கும்போது கூடை காலி, முகங்கள் வேறு.

புதிதாக வந்த நிர்வாகி எதையும் கண்ணால் பார்த்து நம்புகிறவர். ஒருநாள் அவரே நின்று டிரையரை நிரப்பச் சொன்னார். ஒரு துணி மிஞ்சவில்லை. மொட்டைமாடிக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார்.

"டிரையர் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது சார்."

"அப்புறம் எப்படி தெனம் ஒரு கூடை மிச்சமாகுது?"

"நான்தான் மிச்சம் வைக்கிறேன்."

சாக்குப்போக்கை எதிர்பார்த்திருந்த நிர்வாகி பேனாவை மூடி வைத்தார்.

"எதுக்கும்மா?"

"சும்மா மேல போய்க் காத்து வாங்கிட்டு வாங்கன்னா ஒருத்தரும் போகமாட்டாங்க சார். வேலை கெடக்குதும்பாங்க. கூடை கனக்குது, வந்து பிடிங்கன்னா வருவாங்க. நாள் பூரா குகைக்குள்ள இருக்கறவங்க. கொஞ்சம் வெயில், கொஞ்சம் சிரிப்பு. அது இல்லாத மழைநாள்ல கீழ வந்து பாருங்க, ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுத் துப்புவாங்க."

நிர்வாகி நியாயமானவர், அதனால்தான் அடுத்ததைச் சொன்னார்.

"ஒத்துக்கறேன். ஆனா மேல யாராவது தடுக்கி விழுந்தா பதில் சொல்ல ஒரு மேற்பார்வையாளர் கூடவே நிக்கணும். நீங்க அடுத்த மாசம் ஸ்டோருக்குப் போறீங்க. உங்க எடத்துக்கு வர்றவர், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டார்."

ஸ்டோர் என்றால் முதல் மாடி. நாற்காலி, மின்விசிறி, மரக்கிளை தெரியும் பெரிய ஜன்னல். முட்டிவலிக்காக அக்கா மூன்று வருடம் நச்சரித்து வாங்கிய இடம்.

"நான் போகலேன்னா?"

"கதவு தெறந்திருக்கும்."

"அப்பப் போகல சார்."

வீட்டில் மகள் விடவில்லை. "அம்மா, ஜன்னலோட ரூம் குடுத்தா வேண்டாம்னு வந்திருக்கே. இனிமே முட்டி வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லாதே."

"உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டடி சொல்றது? தைலத்தை எடு."

தேய்த்துவிடும்போது மகள் கேட்டாள், "நாளைக்கு மேல போய் என்ன நல்ல விஷயம் சொல்லப்போறே?"

"அதை ஏன் உங்கிட்ட சொல்லணும்? அழுத்தித் தேய்."

கோப்பில் இருந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் திருத்தவில்லை. அக்கா ஓய்வுபெறும்வரை அடித்தளத்திலேயே வேலை பார்த்தார். மழை பெய்யாத ஒவ்வொரு வேலைநாளும், தன் ஆட்களை வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.